இரும்புக்கு அஞ்சாத தெய்வங்கள்

இந்த ஆண்டின் அறக்கட்டளைச் சொற்பொழிவுக்கு நான் எடுத்துக்கொண்ட பொருள் சிலருக்கு விளையாட்டாகத் தோன்றலாம். ஆங்கிலத்தில் இன்று இளைஞர்கள் விரும்பிப் படிக்கும் ஒருவகை மாய நாவல் உண்டு. களம், விக்டோரியா மகாராணி காலத்து இங்கிலாந்து. நிலக்கரிப் புகை மூடிய லண்டன், நீராவியில் பறக்கும் கப்பல், பித்தளைப் பல்சக்கரங்களால் நடக்கும் பொம்மை மனிதன் எல்லாம் அதில் வரும். அந்தப் புகைக்கு நடுவே, காட்டை இழந்து நகரத்தின் சேரிகளில் ஒளிந்து வாழும் மாயக்குலத்தார் வருவார்கள். ஆங்கில நாட்டார் வழக்கில் அவர்களுக்கு 'ஃபே' என்று பெயர். இரும்பு தொட்டால் அவர்கள் உடம்பு வெந்துபோகும். அதனால் தண்டவாளம் நீள நீள அவர்களுடைய உலகம் சுருங்கும். மனிதப் பெண் ஒருத்திக்கும் மாயக்குலத்து இளைஞன் ஒருவனுக்கும் காதல் வரும், இரண்டு குலத்துக்கும் போர் வரும், முடிவில் மாயம் இந்த மண்ணை விட்டு நீங்கும், அல்லது எந்திரம் நொறுங்கும். இந்த எந்திரக் கற்பனைக்கு ஸ்டீம்பங்க் என்று கே. டபிள்யூ. ஜீட்டர் என்ற அமெரிக்க எழுத்தாளர் 1987இல் பாதி வேடிக்கையாகப் பெயர் வைத்தார். வேடிக்கைப் பெயர் நிலைத்துவிட்டது.

இப்படியொரு நாவலைத் தென்காசியையும் குற்றாலத்தையும் களமாக வைத்துத் தமிழில் எழுத முடியுமா என்பது என் கேள்வி. முடியும் என்பதே என் விடை. அதற்கான சரக்கு இங்கே இங்கிலாந்தைவிடக் கூடுதலாகவே கிடக்கிறது. ஆனால் அந்த நாவலின் முதுகெலும்பான விதியை, அதாவது இரும்பு வந்தால் மாயம் ஓடும் என்பதை, இங்கே கொண்டுவந்து நட்டால் அது வேர் பிடிக்காது. நெல்லைச் சீமையின் சான்றுகள் நேர்மாறாகப் பேசுகின்றன. மாடன்கள், இசக்கிகள், பூதத்தார்கள் என்னும் இங்குள்ள நாட்டார் தெய்வங்கள் இரும்பைக் கண்டு ஓடியவர்கள் அல்லர். வந்தவனிடம் பங்கு கேட்டவர்கள், வந்தவனுக்கே பூடம் என்னும் வழிபாட்டு மேடையும் போட்டுக் கொடுத்தவர்கள். எனவே தமிழில் வரவேண்டியது நாடுகடத்தலின் கதையன்று, கொடுக்கல் வாங்கலின் கதை. இந்த ஒரு கருத்தை நிறுவத்தான் இன்று முயல்கிறேன்.

முதலில் அந்த ஆங்கில விதியைச் சற்றுச் சோதித்துப் பார்ப்போம். மாயக்குலத்தை நீராவி விரட்டியது என்று இன்றைய நாவல்கள் சொல்கின்றன. ஆனால் அவர்கள் இங்கிலாந்தை விட்டுப் போய்விட்டார்கள் என்ற புலம்பல் நீராவியைவிட மிகப் பழையது. 14ஆம் நூற்றாண்டின் இறுதியில் சாசர் எழுதிய காண்டர்பரிக் கதைகளிலேயே அது வந்துவிட்டது. அங்கே குற்றம் சாட்டப்படுகிறவர்கள் ஊர் ஊராகத் திரிந்து மூலை முடுக்கையெல்லாம் மந்திரித்த துறவிகள். கிப்ளிங் 1906இல் வெளியிட்ட, பக் என்ற மாயக்குலத்தான் வரும் கதைகளில் மாயக்குலத்தார் இரவோடிரவாகப் படகேறி நாட்டை விட்டுப் போகிறார்கள். அங்கேயும் காரணம் நீராவி இல்லை, சமயச் சீர்திருத்தக் காலத்தில் மனிதர்களுக்குள் மூண்ட வெறுப்பு. ஆக, அந்நாட்டில் இவர்களுக்கு இடமில்லாமல் செய்தது சமயம். பழி மட்டும் பின்னாளில் எந்திரத்தின் தலையில் ஏற்றப்பட்டது. எந்திரமோ அவர்களுக்கு உதவத்தான் பார்த்தது. 1917இல் காட்டிங்லி என்ற சிற்றூரில் இரண்டு சிறுமிகள் காகிதத்தில் வெட்டிய தேவதை உருவங்களை வைத்துப் புகைப்படம் எடுத்தார்கள். ஷெர்லாக் ஹோம்ஸைப் படைத்த கானன் டாயில் அதை நம்பி 1922இல் ஒரு நூலே எழுதினார். துப்பறிவாளனைப் படைத்தவர் காகித வெட்டில் ஏமாந்ததைச் சொல்லிச் சிரிக்கலாம். எனக்கு அதில் தெரிவது ஓர் ஏக்கம். வழிபாடு அற்றுப்போன இடத்தில், தெய்வம் இருந்ததற்குக் கேமராவிடம் சாட்சி கேட்க வேண்டியிருக்கிறது.

இனி நம் பக்கத்து இரும்பைப் பார்ப்போம். இரும்பு பேயை அண்டவிடாது என்ற நம்பிக்கை நம்மிடமும் உண்டே என்று உடனே ஒரு மறுப்பு எழும். நியாயமான மறுப்புதான். பிள்ளை பெற்றவள் தலைமாட்டில் இரும்புத் துண்டு வைப்பதும், இருட்டில் தனியே போகிறவர் கையில் இரும்பு கொடுத்தனுப்புவதும் நம் ஊர்களில் எல்லாருக்கும் தெரிந்தவை. பேய் ஓட்டியபின் உச்சிமுடியைக் கத்தரித்துப் புளியமரத்தில் வைத்து ஆணி அறைவார்கள். மலைக்கு அந்தப்புறம் கள்ளியங்காட்டு நீலியின் தலையில் கடமற்றத்துக் கத்தனார் ஆணி அறைந்த கதை இருக்கிறது. ஆனால் இந்த ஆணி என்ன வேலை செய்கிறது என்று கவனிக்க வேண்டும். அது பேயை உலகத்தை விட்டு விரட்டவில்லை. இன்ன மரத்தில் இன்ன பேய் என்று அதற்கு ஒரு விலாசம் கொடுக்கிறது. அந்த மரத்தடியில் நாளைக்கு ஒரு கல் நடப்படலாம், கல்லுக்கு மஞ்சணை சார்த்தலாம், சில ஆண்டுகளில் கொடை என்னும் விழா எடுக்கலாம். இன்னொன்றும் உண்டு. நெல்லைச் சீமையின் காவல் தெய்வம் எதுவும் வெறுங்கையோடு நிற்பதில்லை. மாடன் கையில் அரிவாள், வல்லயம். பொதிகை அடிவாரத்துக் காரையாற்றில், சொரிமுத்து ஐயனார் கோயிலில் நிற்கும் சங்கிலி பூதத்தாருக்கு இரும்புச் சங்கிலிதான் ஆயுதம், அதுவே பெயரும். அருள் வந்து ஆடுகிறவர் கனத்த சங்கிலியைத் தூக்கித் தம் நெஞ்சிலும் முதுகிலும் ஓங்கி அடித்துக்கொள்வார். சங்கிலி விழும் ஓசை மேளத்தையும் மீறிக் கேட்கும். ஆங்கிலக் கதையில் மாயக்குலத்தைச் சுடுகிற உலோகம் இங்கே தெய்வத்தின் அடையாளமாகிறது. இரண்டு நாட்டுக்கும் பொதுவான ஒரு பொருள், இரண்டு நாட்டிலும் எதிரெதிர் வேலை செய்கிறது. நாவலாசிரியர் இந்த இடத்தைத் தாண்டிப் போய்விட்டால் மேற்கொண்டு அவர் எழுதுவது வேறு நாட்டுக் கதையாகிவிடும்.

அதே கோயிலில் பட்டவராயன் சந்நிதியில் காணிக்கையாகச் செருப்பு தொங்கும். முத்துப்பட்டன் என்ற பிராமணன், செருப்புத் தைக்கும் குடும்பத்துப் பெண்கள் பொம்மக்கா, திம்மக்கா இருவரையும் மணக்கிறான். அதற்காகக் குடுமியையும் பூணூலையும் அறுத்தெறிந்து மாமனாரின் தொழிலை ஏற்கிறான். கடைசியில் மாடு திருட வந்தவர்களோடு போரிட்டு மடிகிறான். அவன்தான் பட்டவராயன். நேர்ந்துகொண்டு கட்டிய செருப்பு அடுத்த முறை பார்க்கும்போது தேய்ந்திருக்கும் என்றும், அதைப் போட்டுக்கொண்டு அவன் இரவில் காடு சுற்றுகிறான் என்றும் அடியவர்கள் நம்புகிறார்கள். இந்தக் கதைப்பாடலைப் பேராசிரியர் நா. வானமாமலை பதிப்பித்திருக்கிறார். இரண்டு குலத்துக்கு நடுவே நடக்கும் காதல்தான் ஆங்கில மாய நாவலின் உயிர் என்றால், அந்தக் காதல் இங்கே வில்லடித்துப் பாடப்பட்டு வருகிறது. வேறுபாடு ஒன்றுதான். அங்கே குலங்களைப் பிரிப்பது மாயம், இங்கே சாதி. சாதியைத் தொடாமல் இந்த மண்ணில் மாயக்கதை எழுத முயல்கிறவர் எத்தனை பறக்கும் கப்பல் விட்டாலும் பயனில்லை என்று எனக்குத் தோன்றுகிறது.

அடுத்த சான்று என் வாதத்துக்கு மிக முக்கியமானது. 1809இல் திருவிதாங்கூர் திவான் வேலுத்தம்பி கிளர்ச்சி செய்தபோது கிழக்கிந்தியக் கம்பெனிப் படை ஆரல்வாய்மொழிக் கோட்டை அரணை உடைத்துக்கொண்டு உள்ளே புகுந்தது. அந்தச் சண்டையில் படுகாயமுற்று இறந்த ஆங்கில அதிகாரி ஒருவரைச் சுமார் 25 மைல் தள்ளி ஒரு மணற்காட்டில் புதைத்தார்கள். கேப்டன் போல் என்று அவர் பெயரைக் குறிப்புகள் சொல்கின்றன. சில காலம் கழித்து அக்கம்பக்கத்து மக்கள் அந்தக் கல்லறையில் வழிபாடு தொடங்கினார்கள். படையல், சாராயமும் சுருட்டும். இதை எழுதி வைத்தவர் ராபர்ட் கால்டுவெல். 1849இல் வெளிவந்த அவருடைய திருநெல்வேலிச் சாணார் பற்றிய நூலில் இந்தச் செய்தி இருக்கிறது. வெள்ளைக்காரனையே பேயாக்கிக் கும்பிட்டார்கள் என்ற வியப்பும் ஏளனமும் அந்த வரிகளில் கலந்திருக்கின்றன.

கால்டுவெல்லின் சாட்சியம் நம்பத்தக்கதா என்று கேட்பவர்கள் உண்டு. கேட்கத்தான் வேண்டும். மதம் மாற்ற வந்தவர் எழுதியது. அன்று சாணார் எனப்பட்ட நாடார் சமூகத்தைப் பற்றி அந்நூலில் அவர் எழுதியவை பெரும் எதிர்ப்பைக் கிளப்பி, பின்னர் நூலையே அவர் விலக்கிக்கொள்ளும்படி ஆயிற்று. ஆகவே அவருடைய தீர்ப்புகளை நான் எடுத்துக்கொள்ளவில்லை. அவர் தந்த விவரத்தை மட்டும் எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் அந்த விவரம் அவருடைய கொள்கைக்கே இடைஞ்சலாக இருக்கிறது. இவ்வூர் வழிபாடெல்லாம் அச்சத்தில் பிறந்தது என்பது அவர் கட்சி. சுருட்டு, துரையின் பழக்கத்துக்காகப் படைக்கப்பட்டது என்று அவருடைய வாசகர்கள் எண்ணிச் சிரித்திருப்பார்கள். ஆனால் சுடலைமாடன் கொடையைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், மாடனுக்கும் படைப்பது அதே சாராயமும் அதே சுருட்டும்தான். அந்த மக்கள் துரைக்கென்று தனியாக ஒரு படையல் கண்டுபிடிக்கவில்லை. அகாலத்தில், ஆயுதத்தால், சொந்த ஊருக்கு வெளியே செத்தவன் எவனோ அவனுக்குச் செய்கிற முறையைத்தான் செய்தார்கள். வெட்டுப்பட்டு மாண்டவன் துடியான தெய்வமாவான், அவனுக்கு நிலையம் போட்டுக் கொடுத்து ஆற்றுப்படுத்த வேண்டும் என்பது இந்தச் சீமையின் சட்டம். அந்தச் சட்டத்தின் முன் நிறமும் சீருடையும் எடுபடவில்லை. பீரங்கியோடு வந்த ஒரு பேரரசின் அதிகாரி, செத்தபின் உள்ளூர் மாடன்களின் வரிசையில் கடைசி ஆளாகச் சேர்க்கப்படுகிறார். ஆங்கில நாவலில் பேரரசு மாயக்குலத்தைப் பதிவேட்டில் எழுதி அடக்கும். இங்கே மாயக்குலம் பேரரசைத் தன் பதிவேட்டில் எழுதிக்கொண்டது.

இனி நீராவி. பாபநாசத்தை அடுத்த விக்கிரமசிங்கபுரத்தில் ஹார்வி சகோதரர்கள் 1880களில் நூற்பாலை தொடங்கினார்கள். விக்டோரியா காலத்து ஆலை என்றதும் புகைபோக்கியும் நிலக்கரியும் நினைவுக்கு வரும். இந்த ஆலையோ தாமிரபரணியின் நீர்விசையைப் பிடித்துக் கதிர்களை ஓட்டியது. சொரிமுத்து ஐயனாரின் பாதத்தைக் கடந்து வரும் தண்ணீர்தான் கீழே வந்து மான்செஸ்டர் நூலோடு போட்டி போட்டது. எந்தக் கற்பனையாளரும் இதைவிட நல்ல களத்தை அமைக்க முடியாது. ரயில் 1876இல் திருநெல்வேலிக்கு வந்தது. அங்கிருந்து தென்காசி வழியாகச் செங்கோட்டை வர 1903 ஆயிற்று. செங்கோட்டையிலிருந்து மலையைக் குடைந்து புனலூர் போகும் மீட்டர் கேஜ் பாதை 1904 நவம்பரில் திறக்கப்பட்டது. மகாராணி 1901 ஜனவரியிலேயே காலமாகிவிட்டதால் கறாரான விக்டோரியா காலக்காரர்கள் ஏறத்தாழ நான்கு ஆண்டை மன்னிக்க வேண்டும். கழுதுருட்டிக்கு அருகே பதிமூன்று கண் பாலம், பகவதிபுரத்துக்கும் ஆரியங்காவுக்கும் நடுவே ஒரு கிலோமீட்டர் அளவுக்கு நீளும் குகை, பக்கத்திலேயே ஆரியங்காவு ஐயன் கோயில். இரும்புப் பாதை காட்டு தெய்வத்தின் வாசலுக்கே வந்துவிட்டது. அதனால் ஐயன் எங்கேயும் போய்விடவில்லை. மதுரையிலிருந்து சௌராஷ்டிரக் குடும்பத்தார் ஆண்டுதோறும் மார்கழியில் பெண்வீட்டாராக வந்து அவருக்குத் திருக்கல்யாணம் நடத்துகிறார்கள். சீர்வரிசைக்கு ரயில் வசதியாகத்தான் அமைந்தது.

இந்தப் பாதையே தெய்வங்களின் பழைய பாதைதான். வழக்கிலுள்ள சுடலைமாடன் கதைகளில் மாடன் மலை தாண்டி மலையாள நாட்டுக்குப் போகிறான். கொட்டாரக்கரை பகவதியின் புதையலுக்குக் காவல் நிற்கிறான், காளிப்புலையன் என்ற மந்திரவாதியோடு மோதுகிறான், பிறகு கிழக்கே திரும்புகிறான். கொட்டாரக்கரை இன்று செங்கோட்டை கொல்லம் பாதையில் ஒரு ரயில் நிலையம். பொறியாளர் கணவாயைத் தேர்ந்தது சரிவின் கணக்குப் பார்த்து. வில்லுப்பாட்டுக்காரர் தேர்ந்தது கதையின் கணக்குப் பார்த்து. மலையைக் கடக்க இரண்டு பேருக்கும் கிடைத்தது அதே திசைதான். குற்றாலக் குறவஞ்சியில் குறத்தி தன் மலைவளம் சொல்லும்போது, தேனருவியின் திவலை பட்டுச் சூரியனுடைய குதிரைக் கால்களும் தேர்ச் சக்கரமும் வழுக்குவதாக 18ஆம் நூற்றாண்டிலேயே திரிகூடராசப்பக் கவிராயர் பாடிவிட்டார். சாரல் காலத்தில் நனைந்த தண்டவாளத்தில் நீராவி எஞ்சின் ஏறும்போது சக்கரம் வழுக்காமலிருக்க, எஞ்சினில் ஒரு பெட்டி நிறைய உலர்ந்த மணல் வைத்துக் குழாய் வழியே தண்டவாளத்தின்மேல் தூவுவார்கள். ஏற்றத்தில் பின்னாலிருந்து தள்ள இன்னொரு எஞ்சின். கதிரவன் தேர் ஆனாலும் ரயில் கம்பெனி வண்டி ஆனாலும் இந்த மலைத்தொடரில் தண்ணீருக்குப் பதில் சொல்லித்தான் மேலே போக வேண்டியிருந்தது. என் நாவலாசிரியருக்கு இதில் ஓர் அத்தியாயம் இருக்கிறது. அந்த மணல் எந்த ஆற்றிலிருந்து வந்தது, அள்ளும் முன் எந்த இசக்கியிடம் உத்தரவு கேட்டார்கள் என்று அவர் கற்பனை செய்து எழுதட்டும்.

இந்த உறவு அன்றோடு முடிந்துவிடவில்லை. ஆயுத பூஜையன்று ஆலையிலும் பட்டறையிலும் எந்திரத்துக்குச் சந்தனம் பூசிப் பூசணிக்காய் உடைக்கிறோம். அது வெறும் சடங்கு, இதை வைத்து என்ன நிறுவ முடியும் என்று கேட்டால், தனியாக அதை வைத்து எதையும் நிறுவ முடியாது என்றே சொல்வேன். ஆனால் சென்னையில் பல்லவன் சாலையிலிருக்கும் பாடிகாட் முனீஸ்வரரைப் பாருங்கள். ஆங்கில ஆளுநரின் மெய்க்காவல் படை இருந்த பகுதியின் பெயரையே பட்டமாகச் சூடிக்கொண்ட முனி அவர். புதிதாக வாங்கிய கார், லாரி, மோட்டார் சைக்கிள் எல்லாம் அவர் முன்னால் வரிசையில் நின்று எலுமிச்சை நசுக்கிக்கொண்டுதான் சாலைக்கு வருகின்றன. எந்திரத்தைக் கண்டு முனி விலகவில்லை, எந்திரம்தான் முனியிடம் அனுமதி வாங்குகிறது.

பேரரசும் தன் காகிதங்களில் இப்படித்தான் நடந்துகொண்டது. 1817இன் 7ஆம் ஒழுங்குச் சட்டத்தின்படி சென்னை மாகாணக் கோயில் சொத்துகளின் மேற்பார்வை வருவாய் வாரியத்திடம் வந்தது. கிறித்தவக் கலெக்டர், தேர் இழுக்கவும் விளக்கெரியவும் கணக்குப் பார்த்தார். மிஷனரிகள் கூச்சலிட்டதும் அரசு கைகழுவத் தொடங்கி, 1863ஆம் ஆண்டுச் சட்டத்தில் முழுவதுமாக விலகியது. தெய்வ மூர்த்தி சட்டத்தின் கண்ணில் ஒரு நபர் என்பதை 1925இல் லண்டன் பிரிவி கவுன்சிலே ஒப்புக்கொண்டது. நிலம் வைத்துக்கொள்ளவும் வழக்குத் தொடுக்கவும் தெய்வத்துக்கு உரிமை உண்டு. மாயக்குலத்துக்கும் மணிமுடிக்கும் ஒப்பந்தம் என்று ஆங்கில நாவலாசிரியர் கற்பனை செய்வது, நம் ஆவணக் காப்பகத்தில் கட்டுக் கட்டாக இருக்கிறது. ஒரு திருத்தம் சொல்ல வேண்டும். இந்தச் சலுகை மானியமும் சொத்தும் உள்ள பெருங்கோயில்களுக்குத்தான். வேப்பமரத்தடிப் பூடத்தில் நிற்கும் மாடனுக்குக் கலெக்டர் கச்சேரியில் கணக்கு இல்லை. தெய்வங்களுக்குள்ளும் பட்டா உள்ளவர், இல்லாதவர் என்ற பிரிவு உண்டு. நாவலுக்கு இதைவிடக் கூர்மையான முரண் கிடைக்காது.

என் வாதத்துக்கு வரக்கூடிய வலுவான மறுப்புக்கு வருகிறேன். எல்லாம் சமரசமாக முடிந்தது போலப் பேசுகிறீர்களே, காடு அழிந்தது பொய்யா, யாரும் துரத்தப்படவில்லையா என்று கேட்கலாம். துரத்தப்பட்டார்கள். குற்றால மலையடிவாரத்தில் 1800 வாக்கிலேயே கம்பெனி ஜாதிக்காய், கிராம்புத் தோட்டம் போட்டது. ராபர்ட் வைட் போன்ற தாவரவியலார் 1830களில் இங்கே வந்து செடிகளைச் சேகரித்துப் பெயரிட்டார்கள். 1882இல் சென்னை வனச் சட்டம் வந்தது. ஒதுக்குக் காடு என்று எல்லை கட்டியபின், தேனெடுக்கவும் கிழங்கு அகழவும் காட்டெரித்து விதைக்கவும் மலைவாழ் மக்களான காணிக்காரரும் பளியரும் அனுமதிச் சீட்டின் தயவில் நிற்க நேர்ந்தது. ஆக நாடுகடத்தல் இங்கேயும் நடந்தது. நடந்தது மனிதர்களுக்கு. தெய்வங்கள் இருந்த இடத்திலேயே இருந்தன, அவர்களுக்குத் தேன் கொண்டுவந்தவன்தான் வெளியே நிறுத்தப்பட்டான். ஆங்கில நாவல் மனிதனுக்கு நேர்ந்த இந்த அநியாயத்தை எடுத்துக் காதுகள் கூரான மாயக்குலத்தின்மேல் போர்த்தி, படிக்கிறவர் அழகாக வருந்த வழி செய்கிறது. நம் நாவலாசிரியருக்கு அந்தப் போர்வை தேவையில்லை. காணி ஒருவர் வனக்காவலரிடம் சீட்டு காட்டிவிட்டு, அதே காட்டின் தெய்வத்திடமும் உத்தரவு கேட்கிறார் என்று எழுதினால் போதும். இரண்டு அதிகாரமும் ஒரே காட்டில் எதிரெதிரே நிற்பது தெரிந்துவிடும்.

இன்னொரு மறுப்பு இந்த அவையில் சிலர் மனத்திலேயே இருக்கும். ஃபே என்பது இன்று யாரும் கும்பிடாத கதைப் பாத்திரம். சுடலையும் இசக்கியும் இலட்சக்கணக்கான குடும்பங்களின் குலதெய்வம். அவர்களைப் பொழுதுபோக்கு நாவலில் இழுத்துவிடலாமா? கேள்வியின் பின்னாலிருக்கும் மான உணர்வை மதிக்கிறேன். இருந்தாலும், கொடை இரவில் வில்லுப்பாட்டு கேட்டவர் யாரும் தெய்வத்தைக் கதைப் பாத்திரமாக்கக் கூடாது என்று சொல்லமாட்டார். கணியான் மகுடம் என்னும் தோற்கருவியை அடித்துப் பாடும்போது மாடன் பசிக்கிறான், பொய் சொல்கிறான், தாயிடம் கோபித்துக்கொள்கிறான், செய்யத் தகாத கொடுமை செய்கிறான். அதைக் கேட்டுக்கொண்டிருக்கும் சாமியாடிக்கு அந்த இடத்தில்தான் அருள் வருகிறது. குற்றமுள்ள தெய்வத்தைப் பாடுவது இங்கே அவமதிப்பு ஆகாது, அழைப்பு ஆகும். எழுதுகிறவர் காக்க வேண்டிய எல்லை வேறு. எந்தச் சமூகத்தின் தெய்வம், யார் கையால் யார் வெட்டுப்பட்டதால் பிறந்த தெய்வம் என்பதை அழித்துவிட்டு, வெறும் மினுக்குக்காக இசக்கியை ஓர் அழகிய ஆவியாக மட்டும் நிறுத்தினால் அது திருட்டு. இசக்கி கதைகளில் பெரும்பாலும் ஏமாற்றிக் கொல்லப்பட்ட ஒரு பெண் இருக்கிறாள். அவளை மறைத்துவிட்டுச் சிறகு ஒட்டுவதற்கு யாருக்கும் உரிமையில்லை.

அப்படியானால் அந்த நாவலின் நடை எப்படி இருக்க வேண்டும்? முன்மாதிரி தேடி லண்டனுக்குப் போக வேண்டியதில்லை. மேரி ஷெல்லியின் பிராங்கன்ஸ்டைனைப் பிரேத மனிதன் என்று தமிழுக்குக் கொண்டுவந்தவரே நெல்லைக்காரரான புதுமைப்பித்தன்தான். எந்திர யுகத்தின் அச்சத்தை மொழிபெயர்த்த கையே கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும் கதையை எழுதியது. சென்னை பிராட்வேயில் வந்து நிற்கும் கடவுள் ஹோட்டலில் காப்பி குடிக்கிறார், வண்டியேறுகிறார், கந்தசாமிப் பிள்ளையின் வைத்தியப் பத்திரிகைக்குச் சந்தா கேட்கப்படுகிறார். யாரும் யாரையும் வெல்லவில்லை. கடவுளின் மகிமையும் நகரத்தின் எந்திரமும் ஒன்றையொன்று முறைத்துப் பார்த்துவிட்டுப் பேரம் பேசுகின்றன. நான் சொல்லும் கொடுக்கல் வாங்கலின் தொனி அதில் முழுதாக இருக்கிறது. ஜெயமோகனின் காடு இன்னொரு திசையைக் காட்டுகிறது. மலைக்காட்டில் கல்வெர்ட் கட்டப்போகும் இளைஞனும் நீலி என்ற மலைவாழ் பெண்ணும் சந்திக்கிற கதை அது. எந்திரம் அங்கே சிறியது, காடு பெரியது. இந்த இரண்டுக்கும் நடுவே 1880களின் நூற்பாலையும் 1904இன் மலைப்பாதையும் எழுதப்படாமல் கிடக்கின்றன. பஞ்சாலைக்கு இரவு முறை வேலைக்கு வரும் பெண்ணுக்கு அருள் வந்தால் மேஸ்திரி அன்றைய கூலியை வெட்டுவானா, குறி கேட்பானா? குகை குடையும்போது பாறை சரிந்து மாண்ட கூலியாளுக்குப் பூடம் எங்கே போடுவது, அவன் பிறந்த சென்னை மாகாணத்திலா, அவன் மாண்ட, அன்று செங்கோட்டையையும் வைத்திருந்த திருவிதாங்கூரிலா? அவன் கொடைக்கு வரி யாருக்கு? இவைதாம் இந்த மண்ணின் மாயக்கேள்விகள். பறக்கும் கப்பல் வேண்டுமானால் அதையும் விடலாம், எனக்கு ஆட்சேபணை இல்லை. அது புறப்படுமுன் எலுமிச்சை நசுக்க மறக்காதிருந்தால் சரி.

வரலாறு இப்படி இருக்கிறது என்பதற்காகக் கற்பனை அதற்குக் கட்டுப்பட வேண்டுமா என்று கடைசியாக ஒருவர் கேட்கக்கூடும். வேண்டியதில்லை. ஆனால் இங்கிலாந்தின் புலம்பலைக் கடன் வாங்குகிறவரும் சுதந்திரமாகக் கற்பனை செய்யவில்லை, வேறொரு நாட்டின் வரலாற்றுக்குத்தான் கட்டுப்படுகிறார். கட்டுப்பாடு இரண்டிலும் உண்டு என்றால் தாமிரபரணிக் கரையின் கட்டுப்பாட்டை ஏற்பதில் ஒரு நன்மை இருக்கிறது. அதன் முடிவு இன்னும் யாருக்கும் தெரியாது. ஆடி அமாவாசைக்குச் சொரிமுத்து ஐயனார் கோயிலுக்குப் போகிறவர்கள் எத்தனை நாள் குடில் போட்டுத் தங்கலாம், எந்த வண்டி எதுவரை போகலாம் என்று வனத்துறைக்கும் பக்தர்களுக்கும் இப்போதும் பேச்சு நடந்துகொண்டிருக்கிறது.

இந்த அரங்கிலிருக்கும் மாணவர்களில் யாருக்காவது அந்த நாவலை எழுதும் எண்ணம் இருந்தால் அவருக்கு என் வேண்டுகோள் ஒன்று. டிராகுலாவைப் பிறகு படித்துக்கொள்ளலாம். முதலில் வானமாமலை பதிப்பித்த முத்துப்பட்டன் கதையைப் படியுங்கள். பாளையங்கோட்டை தூய சவேரியார் கல்லூரியில் நாட்டார் வழக்காற்றியலுக்கென்றே ஒரு துறை இருக்கிறது, அங்கே போய்க் கேளுங்கள். உங்கள் ஊர்க் கொடையில் விடிய விடிய உட்கார்ந்து வில்லுப்பாட்டைப் பதிவு செய்யுங்கள், பாடுகிறவர்களுக்கு வயதாகிக்கொண்டிருக்கிறது.